நாச்சிமுத்து கடைக் கறுப்பு போர்டு

காந்திபுரத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தது நாச்சிமுத்துவின் கம்ப்யூட்டர் கடை. அங்கே ஏசி உண்டு. மே மாதத்தில் அந்த ஏசிக்காக அவர் பேச்சையும் சேர்த்துத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு மரகதவல்லி டீச்சர் வந்திருந்தார். பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர். லேபுக்கு இருபது கம்ப்யூட்டர் வேண்டும். போன தடவை வேறெங்கோ வாங்கியதில், பிள்ளைகள் வட்டம் வரைந்தால் பாதி வட்டத்திலேயே திரை உறைந்துவிடுமாம்.

"இந்தத் தடவையும் ஏமாந்தா அனிமேஷன் வகுப்பையே மூடிருவாங்க. தனியா கிராபிக்ஸ் கார்டு வாங்க வழியில்ல. கூடவே வர்ற கிராபிக்ஸ்ல எது நல்லா ஓடுதுன்னு இந்த ரெண்டு போர்டையும் ஓட்டிக் காட்டுங்க."

மேசையில் இரண்டு மதர்போர்டுகள், புராசசர் முதல் எல்லாம் மாட்டித் தயாராக இருந்தன. ஒன்று பச்சை, சாதா. இன்னொன்று கறுப்பு, ஓரமெல்லாம் கலர் லைட்டு. அது எட்டு மாதமாக விலைபோகாமல் கிடந்தது எனக்குத் தெரியும்.

"பச்சைய விடுங்க மேடம், அது கணக்கெழுதறவங்களுக்கு" என்றார் நாச்சிமுத்து. "இந்தக் கறுப்புல போன மாசம் ஒரு கார் ரேஸ் கேம் போட்டனுங்க. கேமுக்குள்ள மழை. கீபோர்டு நனைஞ்சுபோச்சு. துண்டெடுத்துத் தொடச்சனுங்க."

"ஏசித் தண்ணி ஒழுகியிருக்கும்."

"ஏசித் தண்ணியில மண்வாசம் வருமாங்க? அட, அதுகூடப் பரவால்ல. அடுத்து ஒரு மலை. மலைமேல ஒரு ஆடு. மயிரு ஒவ்வொண்ணா எண்ணலாம். பிரிண்டர் வாங்க வந்த மாட்டு டாக்டர் எட்டிப் பாத்துட்டு, 'இதுக்கு வாய்ப்புண்ணு'ன்னு மருந்துச்சீட்டே எழுதிக் குடுத்துட்டாரு."

"ஆடு பொழச்சுதா?" டீச்சர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"மூணாம் நாள் குட்டி போட்டுச்சுங்க."

நான் இருமினேன். அவர் நிறுத்தவில்லை.

"நொடிக்கு அறுபது படம் வந்தாலே பெருசுங்கறாங்க. இதுல நாலாயிரம்! மானிட்டர் பாவம், எத்தனையத்தான் வாங்கும்? மிச்சப் படமெல்லாம் செவுத்தத் தாண்டி இவரு ஜெராக்ஸ் மெஷினுக்குள்ள பூந்துருச்சு. ஆதார் கார்டக் காப்பி எடுத்தா, போட்டோவுல இருக்கறவரு கண்ணச் சிமிட்டறாரு! வேணும்னா இவரையே கேளுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது.

"சிமிட்டின மாதிரித்தான் இருந்துச்சு" என்றேன். ஏசிக்காக ஒரு மனுசன் எவ்வளவு தூரம் இறங்குவான் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

சாட்சி கிடைத்ததும் அவருக்கு இறக்கை முளைத்துவிட்டது. "மெட்ராஸ்ல இருந்து ஒருத்தர் செங்கல் கனத்துல ஒரு கிராபிக்ஸ் கார்டு கொண்டாந்தாரு. இதுக்குப் பக்கத்துல வெச்சோம். அவ்வளவுதான், அதோட மூணு ஃபேனும் வெக்கப்பட்டு நின்னுபோச்சு. வீட்டுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்குது. 'இங்கயே பெருக்கிக் கூட்டிட்டுக் கெடக்கறேன்'னு ஒரே அழுகை."

"பேசினது போதுங்க. ஓட்டுங்க" என்று டீச்சர் பென்டிரைவை நீட்டினார்.

பச்சையில் முதலில் போட்டார்கள். பிள்ளைகள் வரைந்த சிட்டுக்குருவி திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, ஒரு இடத்திலும் திக்காமல் பறந்தது. நாச்சிமுத்து வேண்டுமென்றே கொட்டாவி விட்டார்.

அப்புறம் கறுப்பு. லைட்டெல்லாம் தேர்த்திருவிழா மாதிரி சுற்றியது. ஃபேன் இரைந்தது. திரை மட்டும் இருட்டு. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். ஊதினார். துடைத்தார். இருட்டுதான். நெற்றியில், அந்த ஏசியிலும், வேர்வை.

ஆனாலும் நாக்கு தோற்கவில்லை. "பாத்தீங்களா மேடம் வேகத்த! குருவி வந்துட்டுப் போயே போயிருச்சு. மனுசக் கண்ணுக்கு எட்டாதுங்க."

டீச்சர் கறுப்பில் மாட்டியிருந்த புராசசர் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"நாச்சிமுத்துங்க, இப்பெல்லாம் கிராபிக்ஸ் போர்டுல இல்ல, புராசசர்ல இருக்குது. நீங்க மாட்டியிருக்கறது கிராபிக்ஸே இல்லாத புராசசர்." பென்டிரைவைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பச்சையில இருபது போட்டுருங்க. கறுப்புல இவ்வளவு நேரம் படம் காட்டினது நீங்க ஒருத்தர்தான்."