சேர்த்தே கொடுத்த அனுமதி

வேதநாயகம் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். ஆதாரம்தான் பாக்கி.

அவர்கள் அலுவலகம் கணினி வேலை பார்க்கும் ஒரு கண் மருத்துவமனையின் முன்பதிவுகள் மூன்று நாளாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. காலையில் தரவு டேபிளில் இருந்த முன்பதிவு மதியம் இல்லை. சவரிமுத்து வேலைக்குச் சேர்ந்ததும் மூன்று நாள் முன்புதான். மதியமானால் போனோடு மாடிப்படிக்குப் போகிறான். யாராவது எட்டிப் பார்த்தால் திரையை மூடுகிறான்.

வேதநாயகத்துக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது ஆண்டு வங்கிக் கணினிகளோடு இருந்துவிட்டு, இப்போது ஹசீனாவிடம் கிளவுட் வேலை கற்கிறார். ஹசீனாவுக்கு முப்பத்தொன்று.

"மேனேஜருக்கு மெயில் எழுதிட்டேன் மேடம். பாருங்க. அனுப்பினா சாயங்காலமே ஆளை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

ஹசீனா கடைசி வரிவரை படித்தார்.

"அவர்தான்னு எப்படிச் சொல்றீங்க சார்?"

"மூஞ்சியே சொல்லுதே."

"மூஞ்சியை விடுங்க. டெம்ப்ளேட்டைத் திறங்க."

எந்த ஃபங்ஷன், அதாவது எந்த நிரல்துண்டு, எந்த டேபிளைத் தொடலாம் என்பது அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. அதில் இணைப்பு எழுதாவிட்டால் எதுவும் எதையும் தொட முடியாது. ஆட்கள் நேரடியாகக் கைவைக்கவும் வழியில்லை.

"சவரிமுத்து எழுதின ஃபங்ஷனோட இணைப்பை வெட்டுங்க."

வேதநாயகம் மேலும் கீழும் தேடினார்.

"டேபிளுக்கு இணைப்பே இல்லையே! அப்ப வேற ஏதோ வழி வச்சிருக்கான்."

"இருக்கலாம். டேபிளுக்கு மொத்தம் எத்தனை இணைப்பு?"

"ரெண்டு. ஒண்ணு முன்பதிவு வாங்குறது. இன்னொண்ணு தினசரிப் பட்டியல் எடுக்குறது. அது நான் எழுதினது மேடம். சும்மா படிக்கத்தான் செய்யும்."

"எழுதவும் அழிக்கவும் அனுமதி இருக்கே?"

"பின்னாடி தேவைப்பட்டா மறுபடி வந்து நிக்கணுமேன்னு சேர்த்தே கொடுத்துட்டேன்."

ஹசீனா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். எழுதும், அழிக்கும் அனுமதியை மட்டும் நீக்கினார். சோதனைத் தளத்தில் ஏற்றி, பட்டியலை ஓடவிட்டார்.

சிவப்பில் ஒரு வரி வந்தது. பட்டியல் ஃபங்ஷனுக்கு டேபிளில் அழிக்க அனுமதி இல்லை.

வேதநாயகம் அதை இரண்டு முறை படித்தார். மூன்று நாள் முன்பு அவர் ஒரு திருத்தம் செய்திருந்தார். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பட்டியலில் ஒன்றை நீக்கச் சொல்லியிருந்தார். அது டேபிளுக்கே போய், அதே பெயருள்ள வேறொருவரின் முன்பதிவை நீக்கியிருக்கிறது.

"அப்ப அந்த மாடிப்படி போன்?"

"அது டெம்ப்ளேட்ல இல்ல சார்."

வேதநாயகம் மெயிலை மறுபடி திறந்தார்.

"மெயிலை அழிச்சிடவா மேடம்?"

"எதுக்கு? நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. பேரை மட்டும் மாத்தி அனுப்புங்க."