அக்கரைக்கு மூன்று நாள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் தன் சமையற்காரன் மேல் கோபம் வந்தது. அக்கரை நாட்டில் தங்கைக்குக் கல்யாணம், மூன்றே நாளில் வந்துவிடுகிறேன் என்று போனவன், அந்த ஊர் ராஜாவுக்குப் புளியோதரை கிண்டிக் கொடுத்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டான்.

மறுநாளே பறை அறைந்தார்கள். இனி முத்திரை வைத்த பயண ஓலை இல்லாமல் ஒருவரும் ஆற்றைத் தாண்டக் கூடாது! நடு ஆற்றில் வரிசையாக மூங்கில் நட்டு, கயிறு கட்டி, இதுதான் எல்லை என்றார்கள்.

அந்தக் கயிற்றில் வசமாக மாட்டிக்கொண்டவன் அரசவை விகடகவி வெண்காடன். ஒரே மகள் சேந்தியை அக்கரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தான். நான்கு வருஷம் ஆயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் அவள் அந்தப் படித்துறையில் மஞ்சள் சேலையை விரித்துப் பிடிப்பாள். இவன் இந்தக் கரையிலிருந்து தலைப்பாகையை அவிழ்த்து ஆட்டுவான். அவ்வளவு தூரத்தில் மகள் விரல் உயரம்தான். இரண்டு வருஷமாக அந்த விரலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. பேத்தி! பெயர் குஞ்சரி என்று, ஓலை பெற்றுச் சரக்கு ஏற்றிப்போகும் படகோட்டிகள் சொன்னார்கள். மூக்கு யார் ஜாடை என்று மட்டும் ஒருவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. மருமகன் உப்பு வியாபாரத்துக்காகத் தென்கோடித் துறைமுகத்துக்குக் குடிபெயர்கிறான். இன்னும் பதினைந்தே நாள். அப்புறம் வெள்ளிக்கிழமைப் புள்ளியும் கிடையாது.

வெண்காடன் மூன்று நாள் பயணத்துக்கு ஓலை கேட்டான். ஓலை எழுதித் தரும் அதிகாரி ஆவுடையார். தன் செய்யுளுக்குக் கொட்டாவி விட்ட ராஜா, வெண்காடனின் நக்கலுக்குக் கைதட்டியதை இன்றுவரை மறக்காதவர்.

"அடையாளம் எழுத வேண்டுமல்லவா, கவியே?" என்று எழுத்தாணியை எடுத்தார். 'நெடிய உடல். இடது காதில் மச்சம். சிரித்த முகம்.'

ஐந்து நாள் கழித்து முத்திரை கிடைத்தது. வெண்காடன் ஓட்டமும் நடையுமாகத் துறைக்குப் போனான். அக்கரையைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது.

காவலன் ஓலையைப் படித்தான். முகத்தைப் பார்த்தான். "சிரிச்ச மொகம்னுல்ல போட்டிருக்கு? நீரு அழுவுறீரே. ஆள் வேற. திரும்பும்!"

ஆவுடையார் ரொம்பவும் வருத்தப்பட்டார். 'அழுத முகம்' என்று புதிதாக எழுதினார். இன்னொரு ஐந்து நாள். இந்தத் தடவை வெண்காடன் சிரிப்பு வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றான். எதிர்க்கரையில் மஞ்சள் சேலை விரிந்தது. அவ்வளவுதான், முகம் பூராவும் சிரிப்பு.

"திரும்பும்!"

மூன்றாவது ஓலைக்கு ஆவுடையார் கையை விரித்தார். "ஆண்டுக்கு இரண்டுதான். சட்டம்."

ராஜாவிடம் போனான். "சட்டத்தில் நான் தலையிடுவதில்லை, வெண்காடா. தவிர, நீயும் போய்விட்டால் நான் யாரைக் கேட்டுச் சிரிப்பது?"

இன்னும் ஐந்து நாள் இருந்தது. வெண்காடன் மறுபடி ஆவுடையாரிடம் வந்து நின்றான்.

"அந்தச் சட்டச் சுவடியையாவது படித்துக்கொள்ளட்டுமா?"

"படியும், படியும். நானே எழுதியது."

ஒரு பகல் முழுக்கப் படித்தான். கயிறு வரை போக ஓலை தேவையில்லை என்று ஓரிடத்தில் இருந்தது. பிறகு படகோட்டி மூலம் மகளுக்குச் சேதி அனுப்பினான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் இந்தப் பக்கமிருந்து ஒரு பரிசல், அந்தப் பக்கமிருந்து ஒரு பரிசல். இரண்டும் கயிற்றோரம் வந்து நின்றன.

"அப்பா... என்னப்பா இப்படி எளைச்சுட்டே?"

"நாலு வருஷமா தூரத்துலேயே பாத்துட்ட. அதான் சின்னதாத் தெரியறேன்."

சேந்தி சிரித்தபடி கையை நீட்டினாள். காவல் படகிலிருந்து அதட்டல் வந்தது. "கயித்துக்கு மேல கை வரப்படாது!" கை பின்வாங்கிக்கொண்டது.

அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "நீதான் தலப்பா தாத்தாவா?"

"ஆமா. நீதான் அந்தப் புள்ளியா?"

"நான் புள்ளி இல்ல. குஞ்சரி."

மூக்கு சேந்தியுடையதுதான். வெண்காடன் மடியிலிருந்து அதிரசத்தை எடுத்துக் காட்டினான். கயிற்றுக்கு அடியில் குனிந்து, குஞ்சரி ஒரே தாவலில் தாத்தாவின் பரிசலுக்கு வந்துவிட்டாள்.

"பிடி! எல்லை மீறல்!" காவல் படகு பாய்ந்து வந்தது.

"அப்பா!" என்று சேந்தி அலறினாள்.

"அழாதம்மா. இந்த இடத்தை விட்டு நகராத. பொழுது சாயறதுக்குள்ள வர்றோம்."

சபை கூடியது. ஆவுடையாரின் குரல் மண்டபத்தை அதிரவைத்தது. "மன்னா! ஓலையில்லாத அந்நியர் ஒருவரை நம் நாட்டுக்குள் கடத்தி வந்திருக்கிறார் விகடகவி!"

ராஜா அந்நியரைப் பார்த்தார். அந்நியர் விரலிலிருந்த வெல்லப்பாகை நக்கிக்கொண்டிருந்தார்.

"உன் பெயர் என்ன?"

"குஞ்சரி. உன் பேரு?"

"ராஜா."

"அது வேல. பேரு என்ன?"

ராஜா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "ஆவுடையாரே, சட்டம் என்ன சொல்கிறது?"

ஆவுடையார் சுவடியைப் பிரித்தார். "ஓலையின்றி உள்ளே வந்தவரைப் பொழுது சாயுமுன் நாட்டை விட்டு அனுப்ப வேண்டும். எக்காரணத்தாலும் தளர்த்தலாகாது."

"தளர்த்த வேண்டாம், மன்னா" என்றான் வெண்காடன். "அந்த ஏட்டின் மறுபக்கத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள்."

ஏட்டைத் திருப்பிய ஆவுடையார் அதைச் சட்டென்று மூடப் பார்த்தார்.

"வாசியும்!" என்றார் ராஜா.

"அரண்மனைக்குச் செலவு வராதபடி... அவரை அழைத்து வந்தவனே... கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் சேர்க்க வேண்டும். அரச பணியாதலால் அதற்குத் தனி ஓலை... தேவையில்லை." குரல் தேய்ந்தது. "வீட்டுத் தலைவனின் கைநாட்டைப் பெறாமல் அவன் திரும்பலாகாது."

"அந்த வீட்டுத் தலைவன் எங்கே?" என்று கேட்டார் ராஜா.

"என் மருமகன் பயணத்துக்கு மாடு வாங்கச் சந்தைக்குப் போயிருக்கிறார், மன்னா. வருவதற்கு மூன்று நாள் ஆகும்."

ராஜாவின் வயிறு முதலில் குலுங்கியது. அப்புறம் சிம்மாசனமே குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கிரீடம் காது வரை இறங்கிவிட்டது. கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குஞ்சரிக்குப் போட்டார். தன் சொந்தப் படகையே கொண்டுவரச் சொன்னார். சிரிப்பு ஓய்ந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"வந்துவிடுவாய் அல்லவா?"

"கைநாட்டோடு வந்துவிடுவேன், மன்னா."

வெயில் சிவந்திருந்தது. நடு ஆற்றில் அந்தப் பரிசல் இம்மிகூட நகராமல் நின்றது. ராஜ படகு வருவதைக் கண்டு காவலர்களே கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"ராஜாங்க வேலையா வந்திருக்கேம்மா" என்றான் வெண்காடன். "மூணு நாள் தங்கணுமாம்."

சேந்தி இரண்டு கைகளையும் நீட்டி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதட்ட யாருமில்லை.