வழுவமைதி

வைரவன் தன் ஆசிரியரைப் பார்க்கப் போனபோது சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. எல்லாம் எழுதியாகிவிட்டது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மறுநாள் காலை பத்து மணிக்குள் அந்தக் கடிதம் பள்ளிச் செயலாளரின் மேசைக்குப் போக வேண்டும். போனால் வேலை இருக்கும். போகாவிட்டால் அவன் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. தமிழாசிரியராகச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. தகுதிகாண் பருவம். காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம்.

தணிகாசலம் ஐயா கல்லூரியில் அவனுக்கு இலக்கணம் நடத்தியவர். ஓய்வு பெற்று ஒரு வருஷமாகிறது. முன்னறையில் உட்கார்ந்திருந்தார். வாரக்கணக்கில் சவரம் செய்யாத முகம்.

"வா. சாப்பிட்டியா?"

"பஸ் ஸ்டாண்டுல சாப்பிட்டேன் ஐயா. நீங்க மெலிஞ்சிட்டீங்க."

"ம்."

"உடம்புக்கு ஏதாச்சும்?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ வந்த விஷயத்தச் சொல்லு."

வைரவன் சொன்னான்.

அவனும் ஜெபராஜும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தி ஏழு வருஷமாகிறது. ஜெபராஜ் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். வைரவன் பத்து வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திவிட்டு, பிறகு பி.எட். முடித்து, முப்பத்தாறு வயதில் வாத்தியாரானவன். காலையில் ஜெபராஜ் டப்பா கட்டிக் கொடுப்பான். மதியம் ஆசிரியர் அறையில் அந்த டப்பாவுக்குத் தனி மவுசு உண்டு.

"இன்னிக்கு என்ன சார் வீட்டுல?" என்று கணக்கு டீச்சர் சகாயமேரி கேட்பார்.

"அவங்க வாழைப்பூ வச்சிருக்காங்க டீச்சர்."

"குடுத்து வச்சவரு. எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு, வெந்நி வச்சாலே அடிப்பிடிக்கும்."

அவங்க. ஐந்து மாதமாக அந்த ஒரு சொல்தான் அவனைக் காப்பாற்றி வந்தது. ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா என்று எதையும் சொல்லாத சொல். கேட்கிறவர்கள் அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். வெளியே தலைகாட்டாத, கைப்பக்குவமுள்ள ஒரு பெண்ணை அந்தப் பள்ளிக்கூடம் தானாகவே அவனுக்குக் கட்டிவைத்திருந்தது.

அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்ததே ஐயாதான். கடைசி வருஷப் படிப்பின்போது, கல்லூரி நூலகத்துப் பின்வாசலில், வைரவன் தன்னைப் பற்றிச் சொன்னான். ஐயா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பலர்பால்ல பேசிப் பழகு. மரியாதைக்குச் சொல்றேன்னு நெனச்சுக்குவாங்க. யாரும் தோண்ட மாட்டாங்க."

இது அவருக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு வைரவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பதினைந்து நாளைக்கு முன்னால் ஒரு காலை. ஜெபராஜ் டப்பாவில் கத்திரிக்காயை அள்ளி வைத்துக்கொண்டே கேட்டான்.

"ஸ்கூல்ல என்னைப் பத்திப் பேசுவியா?"

"பேசாம? தினமும்தான்."

"என்னன்னு?"

"அவங்கன்னு."

"அவங்கன்னா எத்தன பேருப்பா? நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் மூடியை ஓங்கி அழுத்தி மூடினான்.

அன்று மதியம் டீச்சர் கேட்டபோது, "அவன் வச்ச கத்திரிக்கா டீச்சர்" என்றான் வைரவன்.

"அவனா? தம்பி வந்திருக்காரா?"

"தம்பி இல்ல டீச்சர். நாங்க ரெண்டு பேரும் சேந்து வாழறோம். ஏழு வருஷமா. இத்தன நாள் நீங்க பாராட்டுனது அவன் சமையலத்தான்."

"சார் ஜோக்கடிக்கிறாரு" என்றார் விளையாட்டு ஆசிரியர். யாரும் சிரிக்கவில்லை.

சகாயமேரி டீச்சர் அதற்குள் ஒரு துண்டு கத்திரிக்காயை எடுத்திருந்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் தன் டப்பா மூடியின் ஓரத்தில் வைத்தார். மணி அடிக்கும் வரை அது அங்கேயே இருந்தது.

அந்த வாரத்திலேயே ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் 'அவன் சார்' என்று யாரோ எழுதி வைத்தார்கள். வைரவன் அழித்துவிட்டுப் பாடம் நடத்தினான். மறுநாளும் எழுதியிருந்தது. மூன்றாம் நாள் இரண்டு தகப்பன்மார் வந்து, பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டார்கள். செயலாளர் தலைமையாசிரியரைக் கூப்பிட்டுப் பேசினார்.

தலைமையாசிரியர் புண்ணியமூர்த்தியும் தமிழ் படித்தவர்தான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கதவைச் சாத்திவிட்டு, வைரவனை உட்காரச் சொன்னார்.

"நீங்க நல்லா நடத்துறீங்க சார். அதுல மாத்துக்கருத்து கிடையாது. செயலாளர் என்ன கேக்குறாரு? ஒரு விளக்கம். அவ்வளவுதான். நான் ராத்திரியெல்லாம் யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சேன். இலக்கணத்துலயே இருக்கு."

"என்ன வழி சார்?"

"பெத்த பொண்ண அம்மா 'வாடா என் சிங்கமே'ன்னு கொஞ்சுறா. ஆண்பால்ல கூப்பிடுறா. தப்புதான். பால் வழு. ஆனா பாசத்துல வந்ததால நாம தப்புன்னு சொல்றதில்ல. பால் வழுவமைதி. நீங்களும் வீட்டுல இருக்கறவங்கள ஆசையில 'அவன்'னுட்டீங்க. முடிஞ்சுது கதை."

"வீட்டுல இருக்கறது ஆம்பளதான் சார்."

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். காகிதத்துக்கு ஏன் சார் தெரியணும்?"

அப்படி எழுதப்பட்டதுதான் அந்தக் கடிதம்.

ஜெபராஜிடம் காட்டினான். அவன் இரண்டு முறை படித்தான்.

"போட்டுடு. வேலை முக்கியம்" என்றான். கொஞ்சம் கழித்து, "இனிமே டப்பா வேணாம். கேன்டீன்ல சாப்பிட்டுக்க" என்றான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஐயா கையை நீட்டினார். வைரவன் கடிதத்தைக் கொடுத்தான். பழக்கதோஷத்தில் அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, வரி வரியாகப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"'என் இல்லத்தில் உள்ளவரை மகிழ்ச்சி மிகுதியால் ஆண்பாலில் குறிப்பிட்டுவிட்டேன். இது வழுவமைதியே அன்றி வேறு பொருள் கொண்டதன்று.'"

பேனா எந்த இடத்திலும் இறங்கவில்லை.

"சுத்தமா இருக்கு" என்றார்.

"அதுதான் ஐயா பயமா இருக்கு."

ஐயா கடிதத்தை மேசையில் வைத்தார்.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க, பலர்பால்ல பேசுன்னு. கேட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காது. பதினாலு வருஷம் ஒழுங்காத்தான் பேசுனேன். ஒரு நாள், ஒரு சொல்லு, மாறிப்போச்சு. இப்ப சொல்லுங்க. கையெழுத்துப் போடவா, வேணாமா?"

ஐயா பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுத் தரகர் ஒருவர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"வணக்கம் சார். மாடி காலியாமே?"

"காலி இல்ல."

"தபாலாபீஸ்காரர் இருந்தாரே, அவரு போயிட்டாருன்னு சொன்னாங்களே சார்."

"போயிட்டாரு."

"அப்பக் காலிதானே? நல்ல குடும்பம் ஒண்ணு இருக்கு. புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு. சைவம்."

"காலி இல்லப்பா."

"சாமானெல்லாம் கெடக்கா? அவங்க ஊர்லேருந்து எடுத்துக்கிட்டுப் போகலியா? நான் வேணா ஆள் விட்டு..."

"காலி இல்லன்னேன்."

தரகர் வைரவனை ஒரு பார்வை பார்த்தார். பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற பார்வை. பிறகு செருப்புச் சத்தம் தெருவோடு போனது.

மாடியில் குடியிருந்த கந்தப்பனை வைரவனுக்கும் தெரியும். கல்லூரி நாட்களில் வரும்போதெல்லாம் சட்டை போடாமல் படிக்கட்டில் நின்று, "வாத்தியார் உள்ளதான் இருக்காரு, போ" என்பார். அவர் இறந்துபோன செய்தி வைரவனுக்கு வந்திருந்தது. ஆனால் மாடியில் குடியிருந்தவர் செத்ததற்கு வீட்டுக்குச் சொந்தக்காரரிடம் யார் துக்கம் கேட்கப் போகிறார்கள்? அவனும் வரவில்லை.

இப்போது ஐயாவின் தாடியைப் பார்த்தான்.

"அவர் போயி எத்தன நாளாச்சு ஐயா?"

"முப்பத்தேழு."

யோசிக்காமல் சொன்னார்.

வைரவனுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி சுட்டது. எழுந்துகொண்டான். "ஐயா, நான்..." என்றான்.

"உக்காரு. கையெழுத்துப் போடவான்னு என்னைக் கேக்காதே. ஒரு தடவ சொன்னேன். நீயும் கேட்டே. அது போதும்." எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் நாலாக மடித்த ஒரு சுவரொட்டி இருந்தது. "நீ பிழை திருத்துனவன்தானே? இத ஒரு தடவ பாத்துக் குடு."

பிரித்தான். பின்பக்கம் பசையோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்திருந்தது.

"நம்ம சுவத்துலதான் ஒட்டியிருந்தாங்க. ஈரம் காயறதுக்குள்ள உரிச்சு எடுத்தேன். சத்தமாப் படி."

வைரவன் படித்தான். "கண்ணீர் அஞ்சலி. அஞ்சல் துறை ஓய்வு, திரு. கந்தப்பன் அவர்கள் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். வருந்தும் அண்ணன், தம்பிகள், அண்ணன் மகன்கள், தங்கை மாப்பிள்ளை, பேரன் பேத்திகள் மற்றும் உறவினர்கள், நண்பர்கள்."

"பிழை ஏதாவது?"

"எழுத்துப்பிழை இல்லங்க ஐயா."

"நல்லாப் பாரு."

மறுபடி பார்த்தான். பத்து வருஷம் பார்த்த கண். இருக்கிற பிழையை விட, விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கண் பழகியிருந்தது.

"உங்க பேரு இல்ல ஐயா."

"இருக்கே."

"எங்க?"

ஐயா குனிந்து கடைசி வரியில் விரலை வைத்தார். 'நண்பர்கள்' என்ற சொல்லின் மேல் அந்த விரல் நகர்ந்து, கடைசி இரண்டு எழுத்தில் வந்து நின்றது.

"இந்தக் 'கள்'ளுல இருக்கேன். பலர்பால்."

வைரவன் அவர் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கினான். அச்சகத்தில் விட்டுப்போன சொல்லுக்குப் போடுகிற கூரைக்குறியை, வருந்தும் என்ற சொல்லுக்கும் அண்ணன் என்ற சொல்லுக்கும் நடுவில் போட்டான். மேலே எழுதப் போனான்.

"எழுது. என்ன முறைன்னு போடுவே?"

பேனா நின்றது.

அண்ணன், தம்பி, மாப்பிள்ளை, பேரன். அச்சடித்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முறை இருந்தது. வைரவன் தனக்குத் தெரிந்த தமிழில் தேடினான்.

"அவன் ஊருக்கு எடுத்துட்டுப் போனாங்க" என்றார் ஐயா. "நானும் பஸ் புடிச்சுப் போனேன். பந்தலுக்கு வெளியே நின்னுக்கிட்டிருந்தேன். யாரோ ஒரு பையன் என்னை அடையாளம் கண்டுக்கிட்டான். 'வீட்டுக்காரர் வந்திருக்காரு, சேர் போடுங்க'ன்னு சத்தம் குடுத்தான்."

சுவரொட்டியிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பை ஐயா விரலால் ஒதுக்கினார்.

"சேர் போட்டாங்க. உக்காந்தேன். பெண்டுகள் எங்கயாவது 'எங்க வீட்டுக்காரர்'னா என்ன அர்த்தமோ, அந்த அர்த்தம் அங்க ஒருத்தருக்கும் தோணல. சரியான சொல்லு. தப்பான எடத்துல வந்து விழுந்துச்சு."

வைரவன் பேனாவை மூடினான். சுவரொட்டியில் கூரைக்குறி மட்டும், மேலே ஒரு சொல்லும் இல்லாமல், சிவப்பாக இருந்தது.

"இப்ப 'அவன்'னு சொன்னீங்க ஐயா."

"சொன்னேனா?"

"ஆமா. அவன் ஊருன்னீங்க."

ஐயா மாடிப்படிக்குப் போகும் கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது.

"அவரு இருந்தப்போ வெளியாளுங்ககிட்ட என்னன்னு சொல்வீங்க?"

"மாடியில இருக்கறவங்க."

"வாய் தவறிக்கூட ஒரு நாள்..."

ஐயா கடிதத்தை மேசையிலிருந்து எடுத்தார். இருந்த மடிப்பிலேயே மடித்தார். அவன் கையில் வைத்தார்.

"இருபத்தாறு வருஷம்" என்றார். "ஒரு வழுகூட இல்லாமப் பேசிட்டேன், வைரவா."