காசித்தும்பை கொடுக்க மறுத்தது

மலையில் எல்லாவற்றுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஓடைக்கரைப் பாறை ஒன்றில் காட்டுக் காசித்தும்பை பூத்து நின்றது. எதிர்ப்பாறையில் ஒரு தவளை இருந்தது. இரண்டுமே ஓடையின் ஈரத்தில் பிழைத்தவைதான். ஆனால் வெள்ளம் வந்தால் தவளை குதித்துத் தப்பிவிடும். காசித்தும்பையால் நகர முடியாது. அதன் காய்கள் முற்றியதும் மெல்லத் திறக்கும். விதைகள் காலடியிலேயே விழும். ஓடை வந்து அத்தனையையும் வழித்துக்கொண்டு போகும்.

"என் கரையில் விழுறது எனக்கு. அதுதான் வழக்கம்" என்றது ஓடை.

"யார் வச்ச வழக்கம்?" என்று கேட்டது காசித்தும்பை.

"நான்தான்."

அந்த வருஷமும் காய்கள் முற்றின. மேல்மலையில் இடி இடித்தது. காசித்தும்பைக்கு வேர்வரை நடுக்கம்.

"தம்பி, நீ எப்படிக் குதிக்கிறே?" என்று தவளையைக் கேட்டது.

"கால் இல்லாதவளுக்கு அது எதுக்கு அக்கா? மீனுக்குக் குடை மாதிரி?"

"சிரிச்சது போதும். சொல்லு."

அந்தக் குரலில் தவளையின் சிரிப்பு நின்றுபோனது. "காலை இறுக மடக்கணும். எதிரி தொடுற நொடியில் மொத்தமா விட்டுடணும். முந்தினால் பாதி தூரம்கூடப் போக முடியாது."

"பயமா இருக்காதா?"

"பயம்தான் அக்கா குதிக்குது. நான் சும்மா கூடப் போறேன்."

காசித்தும்பை தன் காய்களின் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஒரு விதையையும் கீழே விடவில்லை.

வெள்ளம் இரைந்து வந்தது. தவளை கத்திப் பார்த்தது, இரைச்சலில் எடுபடவில்லை. சட்டென்று பின்னங்காலைத் தூக்கி, விரல்களை விரித்து ஆட்டியது: வந்துவிட்டது!

"கொடு" என்றது ஓடை.

"மாட்டேன்."

"ஓடத் தெரியாதவளுக்கு வாயைப் பாரு!"

"நான் ஓடலையே. இங்கேதான் நிக்கிறேன். தொட்டுப் பாரு."

ஓடை தொட்டது. பட்டென்று வெடித்தது ஒரு காய். அடுத்தது, அதற்கடுத்தது. விதைகள் ஓடையின் தலைக்கு மேலே பறந்து, வெள்ளம் எட்டாத பாறை இடுக்குகளில் போய் விழுந்தன. ஓடையின் கையில் மிஞ்சியது சுருண்ட தோல் மட்டும். ஆத்திரத்தில் அது செடியை வேரோடு பிடுங்கியது. பிடுங்கட்டும் என்றே போனது காசித்தும்பை. அடுத்த மழைக்கு அந்த இடுக்கெல்லாம் அதன் பிள்ளைகள்.

அந்த ஓடைத் தவளைகள் கத்துவதை நம்பாமல் காலைத் தூக்கி ஆட்டுவது அன்றைக்குத் தொடங்கியதுதான். முற்றிய காசித்தும்பைக் காய், குழந்தையின் விரலானாலும் ராஜாவின் விரலானாலும், தொட்டதும் வெடிப்பதும் அன்று முதல்தான்.