பனிக்கு அடியில் மூட்டம்

யெகோர் மூட்டை கட்டிவிட்டார். ஒரு கம்பளி, ஒரு கத்தி, ஒரு தேநீர்க் குவளை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த சைபீரியக் காட்டுக்கு வந்தபோதும் அவரிடம் அவ்வளவுதான் இருந்தது.

தான் வேலை பார்த்த மரம் அறுக்கும் மில்லை மூடியபின் பனிமான் மேய்க்கக் கற்றுக்கொள்ள வந்தவர். வயது ஐம்பத்து மூன்று. அவருக்குக் குரு தார்யா. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வயதைப் பார்த்து அவள் அவரை அண்ணே என்பாள். வித்தையைப் பார்த்து அவர் அவளை அம்மா என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

அன்று காலை தார்யா தன் மான்களில் பாதியை அடுத்த ஆற்றங்கரைக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். குளிர்காலத்தில் மான்கள் பனியைத் தோண்டித் தின்பது வெள்ளைப் பாசியை. அந்தப் பாசி இந்த வசந்தத்தில் கிளம்பிய காட்டுத்தீயில் நான்கு குன்றுகளில் எரிந்துபோயிற்று. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் எல்லாமே பட்டினியில் சாகும். ஒவ்வொன்றையும் பேர் சொல்லித் தடவிக்கொடுத்து அனுப்பினாளாம்.

வந்தவள் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் கரிந்த குன்றின் பக்கம் நடந்தாள். யெகோர் பின்னாலேயே போனார். சொல்லாமல் போக மனம் வரவில்லை.

"அம்மா, இந்தப் பாசி எப்போ திரும்ப வளரும்?"

தீயில் தப்பிய ஒரு சரிவில் அவள் குனிந்தாள்.

"இந்த இடம் நான் பிறந்த வருஷம் எரிஞ்சதாம். இப்போ பாருங்க."

விரலை நட்டுக் காட்டினாள். பாசி இரண்டாவது கணு வரைக்கும் வந்தது.

இது வளர்ந்து முடிவதைப் பார்க்கத் தான் இருக்கப்போவதில்லை என்று யெகோருக்குப் புரிந்தது.

"இதுக்கெல்லாம் காரணம் நான்தாம்மா."

அவள் திரும்பவில்லை.

"போன வருஷம் கோடை முடியுறப்போ கொசுவுக்காக மான்களுக்குப் புகை மூட்டம் போட்டேன். தண்ணி ஊத்தி அணைக்கணும்னு நினைச்சப்போ திடீர்னு பனி கொட்டிடுச்சு. வானமே அணைச்சிடுச்சு, நாம எதுக்குத் தண்ணி சுமக்கணும்னு விட்டுட்டேன்."

அந்தக் காட்டில் காலுக்குக் கீழே இருப்பது வெறும் மண் இல்லை. பாசியும் வேரும் மக்கி மக்கி ஆள் ஆழத்துக்குக் கிடக்கும். மூட்டம் அதற்குள் இறங்கியது. குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் புகைந்துகொண்டே இருந்து, வசந்தத்தில் எழுந்தது. இடியும் இல்லை, மின்னலும் இல்லை. எவனோ வழிப்போக்கன் வைத்த தீ என்றார்கள் ஜனங்கள். யெகோரும் தலையாட்டினார். அப்படித் தலையாட்டியதுதான் நான்கு மாதமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"தெரியும்," என்றாள் தார்யா.

"எப்போலேருந்து?"

"தீ கிளம்பின இடத்தைப் பார்த்த அன்னிக்கே. நீங்க மூட்டம் போட்ட இடம்."

"ஏன் என்னைக் கேக்கல?"

அவள் ஒரு கரிந்த மரத்தின்மேல் உட்கார்ந்தாள்.

"ஒருத்தி நடுக்குளிர்ல அந்தப் பக்கம் போனா. பனியில கை நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை. அதுலேருந்து ஆவி வந்துச்சு. கீழே கரடி தூங்குதுன்னு நினைச்சா. கரடி தூங்குற இடத்துல நிக்கக் கூடாது, அதைப் பேர் சொல்லிப் பேசக் கூடாதுன்னு அவ அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். தலையைக் குனிஞ்சு கும்பிட்டுட்டுச் சத்தமில்லாம சுத்திப் போயிட்டா."

"புகை வாசம் வரலையா?"

"வந்துச்சு. தன்னோட கோட்டுல ஊறின அடுப்புப் புகைன்னு நினைச்சா."

யெகோர் அவள் கோட்டைப் பார்த்தார். சொல்ல வெட்கம்தான், ஆனால் ஒரு கணம் அவருக்கு நெஞ்சு லேசானது.

"அப்போ தப்பு உங்க பேர்லயும்தான்."

"பங்கு பிரிச்சா மான் திரும்பி வருமாண்ணே?"

அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"நான் போயிடறேம்மா. மூட்டைகூடக் கட்டிட்டேன். என் மூஞ்சியைத் தினம் பார்த்துக்கிட்டு நீங்க இருக்க வேண்டாம்."

"போங்க."

அவர் நகரவில்லை.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது போதும்."

தார்யா எழுந்து வந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போய், சாம்பலில் மண்டியிடவைத்து, கையை முழங்கை வரை உள்ளே அழுத்தினாள். மேலே சாம்பல் சில்லென்று இருந்தது. உள்ளே சுட்டது. யெகோர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னும் எரியுதா?"

"பனி விழறதுக்குள்ள தோண்டி அணைக்கணும். இல்லேன்னா மிச்சக் குன்றும் வசந்தத்துல போயிடும்."

வடக்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. தார்யா அங்கேயே உட்கார்ந்து வெறுங்கையால் தோண்ட ஆரம்பித்தாள்.

"அம்மா, நான் கேட்டதுக்கு..."

அவள் நிமிரவில்லை.

"இது ஆறட்டும்ண்ணே. அப்புறம் கேளுங்க."