ஓடையைத் தாண்டிப் போன வீடு

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சாம். நம்ம ஊர் இல்லடி செல்லம், இங்கிலாந்துல, வயக்காட்டு நடுவுல. கறுத்த ஓக் மரச் சட்டம், சட்டத்துக்கு நடுவுல குச்சி பின்னிச் சேறு பூசின சுவர், மேல வைக்கோல் கூரை. காத்தடிச்சா 'கிர்ர், கிர்ர்'னு முனகும். கேக்கிறியா?

"ம்."

அதுல ஹெஸ்டர்னு ஒரு பொண்ணு. அவ அப்பா செத்ததும் நிலத்துக்காரத் துரை குதிரையில வந்தான். "குத்தகை ஆம்பளைக்குத்தான். காலி பண்ணு."

இது எந்த ஊர் நியாயம்? உழுதவ அவ, பால் கறந்தவ அவ. ஹெஸ்டரும் அதையேதான் கேட்டா. அவன் காதுல வாங்கல. அப்புறம், "வீட்டைக் கட்டினது எங்க கொள்ளுத்தாத்தா"ன்னா.

"அப்போ தூக்கிட்டுப் போயேன்." துரை சிரிச்சான். "ஞாயித்துக்கிழமை சர்ச் மணி அடிக்கிறப்போ என் நிலத்துல எது நிக்குதோ, அது என்னுது."

"சொன்ன சொல் மாற மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"வீட்டைத் தூக்க முடியுமா சித்தி?"

அவனும் முடியாதுன்னுதான் நெனச்சான். வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஓடை. அதுக்கு அந்தப் பக்கம், துரைக்குச் சொந்தமில்லாத ஊர்ப்பொது மேடு. ஊர்க்காரங்க அங்க இடம் கொடுத்தாங்க, வண்டியும் ஓட்டிட்டு வந்தாங்க. முதல்ல கூரை. சரசரன்னு இறங்கிடுச்சு. அப்புறம் சுவர். பொலபொலன்னு உதிர்ந்துச்சு, சேறுதானே, எங்கயும் கிடைக்கும். அப்புறம் சட்டம். அதுல ஒரு ஆணிகூட இல்ல, எல்லாம் மர முளை. 'டொக், டொக்'னு தட்டத் தட்டக் கழண்டு வந்துச்சு.

'டாங், டாங்.' மணி அடிச்சப்போ துரை நிலத்துல நின்னது செங்கல் புகைபோக்கி மட்டும்தான்.

துரை ஓடையைத் தாண்டி வந்து மரக்குவியலைப் பார்த்தான். "இதுவா வீடு? விறகு. எது எதோட சேரும்னு தெரியுமா உனக்கு?"

ஹெஸ்டர் ஒவ்வொரு கட்டையா புரட்டிப் பார்த்தா. அவசரத்துல யாருக்கும் குறிச்சு வைக்கத் தோணல. எல்லாக் கட்டையும் ஒரே கறுப்பு.

"ஐயோ. அப்புறம்?"

அப்போ ஒரு உத்திரத்துல கோழிக்கால் மாதிரி ஒரு வெட்டு தெரிஞ்சுது. அவ படுக்கைக்கு நேர் மேல இருந்த உத்திரம். சின்ன வயசுல தூக்கம் வராதப்போ மல்லாந்து அதையேதான் பார்த்துக்கிட்டு இருப்பா. அதைத் தாங்கின தூண்லயும் அதே கோழிக்கால் உண்டு. கொள்ளுத்தாத்தா கட்டுறப்பவே, சேர வேண்டிய ரெண்டு கட்டைக்கும் ஒரே குறி வெட்டி வச்சிருக்கார்.

"கோழிக்கால் தூணைத் தேடுங்க"ன்னா. கிடைச்சுது. அப்புறம் ஏணிக் குறிக்கு ஏணிக் குறி, பிறைக் குறிக்குப் பிறைக் குறி. 'டொக், டொக், டொக்.' கயிறு கட்டி ஊரே இழுக்க, சட்டம் நிமிர்ந்து நின்னுச்சு.

துரை குதிரையைத் திருப்பினான். ஹெஸ்டர் விடுவாளா? "துரை, புகைபோக்கி உங்களுது. மறக்காம அடுப்பு மூட்டுங்க."

அன்னிக்கு அவ, கூரைகூட இல்லாம, அந்தக் கோழிக்காலுக்குக் கீழ வைக்கோல் பரப்பிப் படுத்தா. காத்தடிச்சுது. வீடு 'கிர்ர்'னுச்சு. அப்படியே தூங்கிட்டா.

"ம்..."

வீடு நின்னாச்சு, கதை படுத்தாச்சு. நீயும் கண்ணை மூடு.