மூன்று வருடம் பின்னால் போன மாப்பிள்ளை

கூழாங்குளத்தில் அண்ணன் தம்பிகள் நான்கு பேர். மூத்தவர் தவசிலிங்கம். அடுத்தவர் பூவையா. மூன்றாவது சங்கிலி. கடைசி மாசிலாமணி. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு கார். யார் எதைச் சொன்னாலும் ஒரு எழுத்து பிசகாமல் செய்வார்கள் என்று ஊரில் அவர்களுக்கு நல்ல பெயர் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை, மாசிலாமணிக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, கருவேலனூரில். பெண்ணின் அப்பா முத்தையா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதுக்குள்ள தட்டு மாத்தணும். பிந்தினா சம்பந்தமே வேண்டாம்." மூன்று வருடமாகக் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்க்கொண்டிருந்த மாசிலாமணி, முத்தையாவின் மகள் செண்பகத்தைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தான். அதனால் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டார்கள்.

தவசிலிங்கம் வீட்டு வாசலிலிருந்து காரைப் பின்னால் எடுத்தார். காருக்குள் இருந்த கேமராத் திரையில் பின்பக்கம் தெரிந்தது. பிறகு முன்னால் ஓட்டினார். அப்போதும் பின்பக்கம்தான் தெரிந்தது. மூன்று கிலோமீட்டர் போயும் அது மாறவில்லை. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்.

"என்னண்ணே?" என்றார் பூவையா.

"இவ்வளவு நேரமா நாம பின்னால போயிட்டிருக்கோம்."

"மரமெல்லாம் சரியாத்தானே நகர்ந்துச்சு?"

"மரத்துக்கு என்னடா தெரியும்? இது கேமரா."

மெக்கானிக் அருள்தாஸுக்கு போன் போட்டார்கள். அவர் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

"ஸ்கிரீன் மாட்டிக்கிச்சு, ரீசெட் பண்ணணும். பானட்டைத் திறந்து பேட்டரியில மைனஸ் வயரைக் கழட்டுங்க. இருபது நிமிஷம் கழிச்சு மாட்டுங்க. மாட்டற வரைக்கும் எந்தக் கதவையும் திறக்காதீங்க. சாவியைத் தூரமா வச்சிருங்க. வண்டி வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடும்."

அண்ணன்கள் மூவரும் இறங்கி வயரைக் கழற்றினார்கள். வேட்டி கசங்கக் கூடாது என்பதால் மாசிலாமணி மட்டும் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டிலேயே இருந்தான்.

"தூரம்னா எவ்வளவு தூரம்?" என்று சங்கிலி சாவியைப் பார்த்தான்.

"சாவியோட நம்ம மாட்டுக்கொட்டகைகிட்ட வரும்போதே இது நம்மளைக் கண்டுபிடிச்சு லைட்டைச் சிமிட்டும். அதுக்கு மோப்பம் ஜாஸ்தி," என்றார் தவசிலிங்கம். "சாவி இருக்கிற திசையே அதுக்குத் தெரியக் கூடாது."

அப்போது ஒரு மினிபஸ் வந்தது. சங்கிலி சாவியோடு ஏறிப் போய்விட்டான்.

"அண்ணே, நான் இறங்கவா? புழுங்குது," என்றான் மாசிலாமணி.

"கதவைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னாரே."

"ஜன்னல் திறந்துதானே இருக்கு, அது வழியா வரேன்."

"ஜன்னல் எதுல இருக்கு?"

"கதவுல."

"பின்னே?"

மாசிலாமணி சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து பூவையா மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, வாங்கின அன்னைக்கு மாதிரி ஆயிடும்னா, உள்ள இருக்கிறவன்?"

தவசிலிங்கம் தலையில் கை வைத்தார். கார் வாங்கி மூன்று வருடம். அன்றைக்குத்தான் ஷோரூம் வாசலில் வைத்து மாசிலாமணி, "இந்த ஜென்மத்துல கல்யாணம் வேண்டாம்" என்று மாலை போட்ட காருக்கு முன்னால் நின்று சொன்னான்.

"ஐயோ அண்ணே, எனக்கு செண்பகம் வேணும்ணே!"

"இப்ப வேணும்பே. இருபது நிமிஷம் கழிச்சு என்ன சொல்லுவியோ!"

"ஒண்ணு பண்ணலாம்," என்றார் பூவையா. "தலையை மட்டும் வெளிய நீட்டிக்கோ. சம்மதம் அதுலதானே இருக்கு? உடம்பு பின்னால போனா போகட்டும்."

மாசிலாமணி கழுத்து வரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். எட்டு நிமிடம் தாக்குப்பிடித்தான். வெயில் நேராக நெற்றியில் இறங்கியதும் தன்னை அறியாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். அண்ணன்கள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

இருபது நிமிடம் ஆனதும் வயரை மாட்டிக் கதவைத் திறந்தார்கள். மாசிலாமணி வியர்வையில் தொப்பலாக நனைந்து இறங்கினான்.

"தம்பி, கல்யாணம் வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். முதல்ல தண்ணி குடுங்க."

"அன்னைக்கும் இதே குரல்தான்," என்றார் பூவையா.

தவசிலிங்கம் சங்கிலிக்கு போன் செய்தார். "எங்கடா இருக்கே?"

"கருவேலனூர்ல. பொண்ணு வீட்டு வாசல்ல. தூரம் போதுமாண்ணே?"

"பொண்ணு வீட்டுல என்ன சொல்றாங்க?"

"மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டாங்க. சாவி இருக்கிற இடத்துக்குக் கார் வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

திரும்பி வரும் மினிபஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் தம்பியை மூன்று வருடம் முன்னால் நகர்த்தி இன்றைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று தவசிலிங்கம் தீர்மானித்தார். மரத்தடியில் அவனை உட்காரவைத்து, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள்.

"மனசைத் தேத்திக்கோ. ராசம்மா அத்தை போய்ச் சேர்ந்துட்டாங்க."

"ஐயோ! எப்ப?"

"போன மாசி."

"எனக்கு யாருமே சொல்லலியே!"

"நீதாண்டா முன்னால நின்னு பாடை கட்டினே."

மாசிலாமணி கதறி அழுதான். பூவையாவும் அழுதார். அத்தைக்காக ஒதுக்கிய அரை மணி நேரம் போன பிறகு மழை, கிணறு, வெள்ளாடு போட்ட குட்டிகள் எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் தவசிலிங்கம், "செண்பகம்னு ஒரு பொண்ணு. பார்த்ததும் உனக்குப் பிடிச்சுப் போச்சு" என்றார்.

"எனக்கா?" மாசிலாமணி முகத்தைத் துடைத்தான். "எப்படி இருப்பா?"

"வந்து பாரு."

சங்கிலி சாவியோடு வந்து சேர்ந்தான். திரை சரியாகிவிட்டிருந்தது. அவர்கள் கருவேலனூர் போனபோது பதினொன்று ஐம்பது. முத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் செண்பகம் கண் கலங்கி நின்றாள்.

"மணி என்ன ஆச்சு?"

தவசிலிங்கம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். குனிந்து காரின் திரையைப் பார்த்தார்.

"விடியக்காலம் மூணு மணி மாமா. ஜனவரி ஒண்ணு." கார் வாங்கிய வருடத்தைக் காட்டியது திரை, அதையும் படித்தார். "நாங்க பிந்தல. மூணு வருஷம் முந்தி வந்திருக்கோம்."

முத்தையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து தானே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப பத்தரை?"

"இன்னும் வரவே இல்லை மாமா."

முத்தையா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "அடுப்பை அணைங்க. சாப்பாட்டுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு."

"மூணு வருஷம் எல்லாம் என்னால முடியாதுப்பா," என்றாள் செண்பகம். குனிந்து திரையைத் தடவிப் பார்த்தாள். "இந்தக் கூட்டல் குறியைத் தொட்டா ஒவ்வொரு நாளாப் போகுது."

ஆளுக்கு மூன்று மாதம் என்று பிரித்துக்கொண்டார்கள். சித்தப்பாக்கள், பெரியம்மாக்கள் எல்லாரும் வரிசையில் நின்று தொட்டார்கள். பொங்கல் வரும்போதெல்லாம் சிலர் "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். ராசம்மா அத்தை இறந்த தேதியில் மாசிலாமணி மறுபடி அழுதான். ஒருவழியாக அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மணியை நகர்த்தும் பொறுப்பை முத்தையா ஏற்றார். இரு வீட்டாரும் தட்டுகளைக் கையில் ஏந்திக் காருக்கு இருபுறமும் நின்றார்கள்.

"பத்து இருபதுல நிறுத்திடுங்க மாமா."

முத்தையாவுக்கு மண்வெட்டி பிடித்த விரல். அழுத்தினார். எடுத்தார். திரையில் பத்து முப்பத்தொன்று.

கழித்தல் குறி ஒன்று பக்கத்திலேயே இருந்தது. போன காலத்தைத் தொடுவது நல்லதில்லை என்று ஒரு பெரியம்மா சொன்னதால் அதை யாரும் தொடவில்லை.

தவசிலிங்கம் பெருமூச்சு விட்டு பானட்டைத் திறந்தார். சங்கிலி சாவியை எடுத்துக்கொண்டு மினிபஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். மாசிலாமணி தட்டுகளோடு பின்சீட்டில் ஏறினான்.

"தள்ளி உட்காருங்க மாப்பிள்ளை," என்று முத்தையாவும் ஏறிக்கொண்டார். "மூணு வருஷம் முன்னாடி எனக்குக் கீழ்ப்பல்லு எல்லாம் இருந்துச்சு."

பூவையா கதவைச் சாத்திவிட்டு ஜன்னலருகே குனிந்தார்.

"மாமா, எவ்வளவு புழுங்கினாலும் தலையை மட்டும் வெளிய நீட்டிடாதீங்க."